அனகாபுத்தூர் தந்த பெயர், பரங்கிமலை தந்த வெற்றி... எம்.ஜி.ஆரின் ஜி.எஸ்.டி சாலை அரசியல்!

தமிழ்நாட்டைச் சுமார் 30 ஆண்டுகள் ஆண்ட ஒரு கட்சியின் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பல்லாவரத்துக்குப் பக்கத்தில், அடையாற்றங்கரையில் இருக்கும் அனகாபுத்தூரிலிருந்து! கைத்தறிக்குப் பேர்போன ஊர். இங்கே நெய்த 'மெட்ராஸ் கைக்குட்டை' துணிகள் நைஜீரியா வரை போயிருக்கின்றன. இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட அந்த ஊரைச் சேர்ந்த ராமலிங்கம் என்ற தொண்டர், 1972-ல் 'அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம்' என்ற பெயரில் ஒரு கட்சியைத் தொடங்கி வைத்திருந்தார். அந்தக் கட்சியில்தான் எம்.ஜி.ஆர் வந்து சேர்ந்தார்.

எம்.ஜி.ஆரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் கோடம்பாக்கத்துக்கும் கோட்டைக்கும்தான் போவார்கள். ஆனால், அவருடைய அரசியல் வாழ்க்கையின் பெரிய திருப்பங்கள் பலவும் கிண்டிக்கு அப்பால்தான் நடந்தன. வீடு ராமாவரம். தொகுதி பரங்கிமலை. சுட்ட வழக்கு நடந்தது செங்கல்பட்டில். கட்சி உடையக் காரணமான பேச்சு திருக்கழுக்குன்றத்தில். இந்த ஊர்களை வரிசையாகக் கோத்துப் பார்த்தால், ஒரு நடிகர் எப்படிக் கட்சித் தலைவரானார் என்ற கதை வேறு மாதிரி தெரிகிறது.

கண்டியிலிருந்து ராமாவரம் வரை

1917 ஜனவரி 17-ல் இலங்கையில், கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தவர் எம்.ஜி.ராமச்சந்திரன். அப்பா கோபால மேனன் சின்ன வயதிலேயே இறந்துவிட, அம்மா சத்தியபாமா இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு கும்பகோணம் வந்தார். பசிக்கு வழி நாடகக் கம்பெனிதான். பள்ளிப் படிப்பு பாதியில் நின்று, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார்கள் அண்ணன் சக்கரபாணியும் தம்பி ராமச்சந்திரனும்.

1936-ல் 'சதிலீலாவதி'யில் சின்ன வேடம். கதாநாயகனாக 'ராஜகுமாரி' வந்தது 1947-ல். நடுவில் 11 ஆண்டுகள்! அந்தக் காத்திருப்புக் காலத்தில் அவர் கதர் கட்டிய காங்கிரஸ் அனுதாபி. 1953-ல் தி.மு.க-வில் சேர்ந்தார். 1958-ல் 'நாடோடி மன்னன்' படத்தைத் தானே தயாரித்து, இயக்கி, நடித்தபோது, கட்சிக்கு அவரும் அவருக்குக் கட்சியும் தேவை என்பது இரு தரப்புக்கும் புரிந்திருந்தது. 1962-ல் சட்டமன்ற மேலவை உறுப்பினராக்கினார்கள். இரண்டே ஆண்டில் ராஜினாமா செய்தார். எம்.ஜி.ஆர் முகம் காட்டினாலே முப்பதாயிரம் ஓட்டு விழும் என்று அண்ணா சொன்னதாக இன்றும் சொல்வார்கள். அந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்கும் நேரம் 1967-ல் வந்தது.

கட்டுப் போட்ட கழுத்து

1967 ஜனவரி 12, மாலை. ராமாவரம் தோட்டத்துக்குப் புதுப்பட விஷயமாகப் பேச நடிகர் எம்.ஆர்.ராதாவும் 'பெற்றால்தான் பிள்ளையா' தயாரிப்பாளர் வாசுவும் வந்தார்கள். பேச்சு நடந்துகொண்டிருந்தபோது துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆரின் இடது காதோரம் பாய்ந்த குண்டு கழுத்துக்குள் தங்கிவிட்டது. ராதாவுக்கும் குண்டுக் காயம். முதலில் ராயப்பேட்டை மருத்துவமனை, பிறகு பொது மருத்துவமனை என்று இருவரையும் கொண்டுபோனார்கள். மறுநாள்தான் 'தாய்க்குத் தலைமகன்' ரிலீஸ். அடுத்த ஐந்தாம் நாள் எம்.ஜி.ஆருக்கு 50 வயது நிறைந்தது.

பரங்கிமலை வேட்பாளர் அவர். ஓட்டுப்பதிவுக்குச் சில வாரங்களே இருந்தன. ஒரு தெருவுக்குக்கூடப் போய் ஓட்டுக் கேட்க முடியாத நிலை. ஆனால், கழுத்தில் பெரிய கட்டுடன் கைகூப்பியபடி இருந்த அந்தப் படம் சுவரொட்டியாகி ஊரெங்கும் போனது. பரங்கிமலையைத் தாண்டி மாநிலம் முழுக்கப் போனது. முடிவு? காங்கிரஸ் வேட்பாளரைவிட 27,674 ஓட்டு அதிகம். தொகுதிக்குள் நேரில் முகம் காட்டாமலே, அண்ணா சொன்ன முப்பதாயிரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டார்!

அந்தத் தேர்தலில் காங்கிரஸ் ஆட்சி போனதற்கு அரிசிப் பஞ்சம், இந்தி எதிர்ப்புப் போராட்டம், அண்ணா அமைத்த கூட்டணி என்று கனமான காரணங்கள் இருந்தன. எல்லாவற்றையும் ஒரு சுவரொட்டியின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஆனால், தலைவரின் உடம்புக்கு வந்த காயத்தைத் தன் வீட்டுக் காயமாக நினைத்து ஓட்டுப் போடும் வழக்கம் தமிழ்நாட்டில் பெரிதாகத் தெரிந்தது அப்போதுதான்.

வழக்கு செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றத்தில் நடந்தது. யார் முதலில் சுட்டது என்பதுதான் வாதமே. தன்மீது தவறில்லை என்ற ராதாவின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. நவம்பரில் தீர்ப்பு வந்தது, ஏழு ஆண்டு கடுங்காவல். பிறகு உச்ச நீதிமன்றம் அதைக் குறைத்தது.

எம்.ஜி.ஆருக்குக் கிடைத்த தண்டனைதான் நீண்டது. பழைய குரல் திரும்பவே இல்லை. அடிக்கடி வசனம் பேசி, மேடையில் முழங்கிப் பிழைக்கும் மனிதருக்குக் குரல் உடைந்தால் என்ன மிச்சம்? இன்னொருவரை வைத்து டப்பிங் செய்திருக்கலாம். செய்யவில்லை. 1967 செப்டம்பரில் வந்த 'காவல்காரன்' படத்தில் காயத்துக்கு முந்தைய குரலும் பிந்தைய குரலும் ஒரே படத்தில் கேட்கும். ரசிகர்கள் அந்தக் கம்மிய குரலை ஏற்றுக்கொண்டார்கள். பத்து ஆண்டு கழித்து அந்தக் குரலில்தான் முதலமைச்சராக உறுதிமொழி எடுத்தார்.

திருக்கழுக்குன்றத்தில் கேட்ட கணக்கு

1967 வெற்றிக்குப் பிறகு அவர் மந்திரியாகவில்லை, சிறுசேமிப்புத் திட்டத்தின் துணைத் தலைவர் பொறுப்பு மட்டும். 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தார். கருணாநிதி முதலமைச்சரானார், எம்.ஜி.ஆர் கட்சியின் பொருளாளரானார். 1971-ல் பரங்கிமலை மீண்டும் அவரையே அனுப்பியது. தி.மு.க 184 இடங்களைப் பிடித்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு நண்பர்களின் பொற்காலம்.

உள்ளே புகைந்துகொண்டிருந்தது. 1971-ல் மதுவிலக்கைத் தள்ளிவைத்தது எம்.ஜி.ஆருக்குப் பிடிக்கவில்லை என்பார்கள் ஒரு தரப்பினர். மந்திரி பதவி கிடைக்காத கோபம் என்பார்கள் மறு தரப்பினர். கருணாநிதியின் மகன் மு.க.முத்து சினிமாவுக்கு வந்ததும், அவர் பெயரில் மன்றங்கள் கிளம்பியதும் இன்னொரு காரணம். எது எவ்வளவு என்று யாராலும் நிறுத்துக் காட்ட முடியாது.

செங்கல்பட்டைத் தாண்டி உள்ள திருக்கழுக்குன்றத்தில் 1972 அக்டோபர் 8-ம் தேதி கூட்டம். மந்திரிகளும், எம்.எல்.ஏ-க்களும், கட்சிப் பொறுப்பாளர்களும் தங்கள் குடும்பச் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று பொதுமேடையில் கேட்டார் பொருளாளர். கட்சிக்குள் பேச வேண்டியதைத் தெருவில் பேசிவிட்டார் என்றது தலைமை. 10-ம் தேதி சஸ்பெண்ட். 14-ம் தேதி நீக்கம். ஒரே வாரத்தில் 19 ஆண்டு உறவு முடிந்தது.

ராமலிங்கம் வைத்திருந்த பெயர்

இங்கேதான் அனகாபுத்தூர் வருகிறது. அக்டோபர் 17-ல் எம்.ஜி.ஆர் புதுக் கட்சியை அறிவித்தபோது, அதற்குப் பெயர் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ராமலிங்கத்தின் அண்ணா தி.மு.க-வில் தான் சேர்வதாகவும், ஒரு சாதாரணத் தொண்டனின் கட்சி அது என்றும் சொன்னார். சேர்ந்த கையோடு தலைவரும் ஆனார். கறுப்பு சிவப்புக் கொடியில் அண்ணாவின் உருவம் ஏறியது. ராமலிங்கத்துக்குப் பின்னாளில் மேலவை உறுப்பினர் பதவி கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள், 'எம்.ஜி.ஆர் கட்சி' என்று வைத்திருந்தாலும் ரசிகர்கள் வந்திருப்பார்கள். ஆனால், தி.மு.க தொண்டன் வந்திருப்பானா? அண்ணாவின் பெயர் முன்னால் இருந்ததால், போகிறவனுக்குத் தாய்வீட்டை விட்டுப் போகிறோம் என்ற உறுத்தல் வரவில்லை. அந்தப் பெயரின் மதிப்பு ஒரு தொண்டருக்கு முதலில் தெரிந்திருக்கிறது. கட்சியின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் ராமலிங்கத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் ஜெயித்தார், ஆளும் கட்சிக்கு மூன்றாம் இடம். பிறந்து ஏழு மாதமே ஆன கட்சி! எமர்ஜென்சி நேரத்தில், 1976-ல் பெயருக்கு முன்னால் 'அனைத்திந்திய' சேர்ந்தது. 1977 ஜூன் 30-ல் எம்.ஜி.ஆர் முதலமைச்சர். அப்போது பரங்கிமலை என்ற தொகுதியே இல்லை. மறுசீரமைப்பில் ஆலந்தூர், தாம்பரம் எனப் புதுத் தொகுதிகள் வந்திருந்தன. எம்.ஜி.ஆர் அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டார். தாம்பரத்தில் ஜெயித்த முனு ஆதி சபாநாயகர் ஆனார்.

ஆட்சியும் கேள்விகளும்

1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டம்தான் அவர் ஆட்சியின் பெரிய சாதனை. பசியோடு நாடகக் கொட்டகைக்குப் போன பையன் போட்ட திட்டம் அது. அதே ஆட்சியில் 1981-ல் சாராயக் கடைகள் திறந்தன. எரிசாராய விவகாரத்தை விசாரிக்க மத்திய அரசு ரே கமிஷனை அமைத்தது. விவசாயிகள் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. திருக்கழுக்குன்றத்தில் கணக்குக் கேட்டவரிடம், இப்போது மற்றவர்கள் கணக்குக் கேட்டார்கள்.

ஆனாலும் ஓட்டு குறையவில்லை. 1980-ல் ஆட்சி கலைக்கப்பட்டு, அதே ஆண்டில் திரும்ப ஜெயித்தார். 1984-ல் சிறுநீரகம் செயலிழந்து நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் கிடந்தபோதும் ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். 1967-ல் சுவரொட்டி செய்த வேலையை இந்த முறை வீடியோ செய்தது. அவர் சாப்பிடுவதும் பேப்பர் படிப்பதுமான காட்சிகள் ஊர் ஊராகத் திரையிடப்பட்டன. 1985 பிப்ரவரியில் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினார்.

1987 டிசம்பர் 24 அதிகாலை, ராமாவரம் தோட்டத்தில் உயிர் பிரிந்தது. அடுத்த தலைவர் யார் என்று அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை. மனைவி வி.என்.ஜானகி முதலமைச்சராகி ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று கட்சி இரண்டானது. இரட்டை இலை முடங்கியது. 1989-ல் தி.மு.க ஆட்சிக்கு வந்தது. அதன்பிறகுதான் அணிகள் இணைந்தன.

தாம்பரத்தில் ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால், எதிரே நிற்கும் சென்ட்ரலுக்கு இப்போது அவர் பெயர். அவருடைய பழைய தொகுதிப் பக்கமான ஆலந்தூர் மெட்ரோவுக்கு அறிஞர் அண்ணா பெயர்.

கட்சிக்கு வாரிசு சொல்லாதவர், தோட்டத்துக்குச் சொல்லியிருந்தார். தன் காலத்துக்குப் பிறகு ராமாவரம் தோட்டம் காது கேளாத, வாய் பேச இயலாத பிள்ளைகளுக்குப் பயன்பட வேண்டும் என்பது அவருடைய உயில். 1990-ல் அங்கே அவர் பெயரிலேயே உறைவிடப் பள்ளி தொடங்கியது. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது தோட்டத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் பள்ளி மறுபடி திறந்தது. குண்டு துளைத்த வீட்டின் வளாகத்தில், இப்போது பிள்ளைகள் பேச்சுப் பயிற்சி எடுக்கிறார்கள்.