மின்னணு விசாவும் முன்கூட்டிய திட்டமிடலும்

ஒரு நாட்டிற்குள் நுழைவதற்கான அனுமதி அந்நாட்டின் இறைமையைச் சார்ந்தது. அதே வேளையில், அது அரசு ஆற்றும் பணிகளுள் ஒன்றுமாகும். எந்தப் பணிக்கும் ஒரு கால அளவு உண்டு. விண்ணப்பம் மின்னணு முறைக்கு மாறிவிட்டதால் காலமே தேவையில்லை என்ற எண்ணம் பலரிடம் பரவியுள்ளது. இது சரியன்று. தாள் மறைந்துள்ளதேயன்றிப் பரிசீலனை மறையவில்லை. எனவே அப்பரிசீலனைக்கு ஆகும் காலத்தை முன்னரே கணக்கிற்கொண்டு பயணத்தை வகுத்துக்கொள்வது இன்றியமையாததாகும்.

திட்டம் வளர்ந்த விதம்

2010 ஜனவரியில் பின்லாந்து, ஜப்பான், லக்சம்பர்க், நியூசிலாந்து, சிங்கப்பூர் ஆகிய 5 நாடுகளின் சுற்றுலாப் பயணிகளுக்கு, இந்தியா வந்திறங்கியதும் விசா வழங்கும் முறை தொடங்கப்பெற்றது. 2014 நவம்பர் 27 அன்று, பயணத்திற்கு முன்பே மின்னணு வழியாக அனுமதி பெறும் முறை 43 நாடுகளுக்கு விரிவாக்கப்பட்டது. தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, ஐதராபாத், பெங்களூரு, திருவனந்தபுரம், கொச்சி, கோவா ஆகிய 9 விமான நிலையங்களில் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது அதன் பெயரில் 'வருகையின்போது விசா' என்னும் சொற்கள் இருந்தமையால், வந்திறங்கிய பின்னரே விண்ணப்பித்தால் போதும் என்று பயணிகள் தவறாகக் கருத இடமேற்பட்டது. ஆகவே 2015 ஏப்ரலில் 'மின்னணுச் சுற்றுலா விசா' என்று பெயர் மாற்றப்பட்டது.

2017 ஏப்ரல் முதல் சுற்றுலா, வணிகம், மருத்துவம் எனப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. விண்ணப்பிக்கும் காலவரம்பு 30 நாட்களிலிருந்து 120 நாட்களாகவும், தங்கும் காலம் 30 நாட்களிலிருந்து 60 நாட்களாகவும் உயர்த்தப்பட்டன. பின்னர் 1 மாதம், 1 ஆண்டு, 5 ஆண்டு என்ற கால அளவுகளில் சுற்றுலா விசாக்கள் அமைந்தன. இன்று 150-க்கும் மேற்பட்ட நாடுகளின் குடிமக்கள் இவ்வசதியைப் பெற்றுள்ளனர்.

கால அளவு எங்கே செலவாகிறது?

விண்ணப்பதாரர் தம் விவரங்களை நிரப்பி, நிழற்படத்தையும் கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தையும் இணைத்து, கட்டணத்தைச் செலுத்துகிறார். அதன் பிறகே பரிசீலனை தொடங்குகிறது. பொதுவாக 72 மணி நேரத்திற்குள் முடிவு தெரிந்துவிடும் எனலாம். ஆயினும் வருகைக்குக் குறைந்தது 4 நாட்களுக்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நிழற்படம் தெளிவாக இல்லாவிட்டாலோ, கடவுச்சீட்டில் உள்ள பெயருக்கும் விண்ணப்பத்தில் உள்ள பெயருக்கும் வேறுபாடு இருந்தாலோ, ஆவணத்தை மீண்டும் அனுப்புமாறு கேட்கப்படலாம். அவ்வாறு கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் காலம் நீளும்.

இங்கு ஒரு பொருளியல் உண்மையை நினைவிற்கொள்ளல் வேண்டும். வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய வடிவத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அலுவலர் ஒரு மனுவைப் பரிசீலிக்கச் சராசரியாக 1 மணி நேரம் ஆகிறது. மனுக்கள் ஒழுங்கின்றி வந்து சேர்கின்றன. மனுவுக்கு மனு உழைப்பும் வேறுபடுகிறது. அவரது திறனில் 50 விழுக்காடு பயன்படும்போது, ஒரு மனு வரிசையில் காத்திருக்கும் சராசரி நேரம் 1 மணி. திறனில் 80 விழுக்காடு பயன்படும்போது அது 4 மணி. 90 விழுக்காடு எனில் 9 மணி. பணிச்சுமை எட்டில் ஒரு பங்கே கூடியபோதிலும், காத்திருப்பு இரு மடங்கிற்கு மேல் பெருகிவிடுகிறது. குளிர்காலச் சுற்றுலாப் பருவத்தில் விண்ணப்பங்கள் குவியும்போது, வழக்கமான கால அளவையே நம்பியிருப்பது ஏன் தவறு என்பது இதனால் விளங்கும். சராசரி என்பது உறுதிமொழி அன்று.

பின்னோக்கிக் கணக்கிடுதல்

திட்டமிடுவோர் பயண நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுதல் வேண்டும். டிசம்பர் 20 அன்று ஒருவர் 30 நாள் சுற்றுலா விசாவில் வந்திறங்க விரும்புவதாகக் கொள்வோம். இவ்வகை விசாவிற்கு வருகைக்கு 30 நாட்களுக்கு முன்னரே விண்ணப்பிக்க இயலும்; அதாவது நவம்பர் 20 அன்று வாயில் திறக்கிறது. டிசம்பர் 16 கடைசி நாள். இடையே உள்ள 26 நாட்களில் முதல் வாரத்திலேயே விண்ணப்பிப்பவர், ஆவணம் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டாலும் கலங்க வேண்டியதில்லை. கடைசி நாளை நம்புபவருக்கோ ஒரு சிறு பிழையும் பயணத்தையே இழக்கச் செய்யும். விசாக் கட்டணம் பரிசீலனைக்கானது. மறுக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்காது. இத்துடன் விமானக் கட்டணமும் வீணாகும். முன்கூட்டி விண்ணப்பிப்பதன் செலவு சிறிது, தாமதத்தின் இழப்பு பெரிது என்னும் இச்சமனின்மையே திட்டமிடலுக்கு அடிப்படை.

அளவுக்கு மீறி முந்துவதும் எப்போதும் நன்மையன்று. 1 ஆண்டு, 5 ஆண்டு சுற்றுலா விசாக்களின் காலம் அனுமதி வழங்கப்பட்ட நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. ஆகவே 120 நாட்களுக்கு முன்பே பெற்றவர், 1 ஆண்டு விசாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பகுதியை வீட்டிலேயே கழித்துவிடுகிறார். 30 நாள் விசாவிலோ கணக்கு வேறு. அதன் காலம் வந்திறங்கிய நாளிலிருந்து தொடங்குகிறது. அனுமதிச் சீட்டில் காணும் முடிவுத் தேதி, நாட்டிற்குள் நுழைவதற்கான கடைசித் தேதியே ஆகும். கடவுச்சீட்டு வருகை நாளிலிருந்து குறைந்தது 6 மாதங்கள் செல்லத்தக்கதாகவும், 2 வெற்றுப் பக்கங்கள் உடையதாகவும் இருத்தல் வேண்டும். கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அப்பணியையே முதலில் முடித்தல் வேண்டும்.

நோயாளியின் நிலை

சுற்றுலாப் பயணி தம் பயணத்தை ஒத்திவைக்கலாம். நோயாளி ஒத்திவைக்க இயலாது. சிகிச்சைக்காக வருவோருக்கான மின்னணு மருத்துவ விசா, வந்திறங்கிய நாளிலிருந்து 60 நாட்கள் செல்லத்தக்கது. உடன்வரும் உறவினர் இருவர் வரை உதவியாளர் விசாவைப் பெறலாம். நோயாளியின் விண்ணப்ப விவரத்தை அவர்கள் குறிப்பிட வேண்டியிருப்பதால், நோயாளியின் விண்ணப்பம் முந்துவது அவசியமாகிறது. அதற்கோ இந்திய மருத்துவமனையின் கடிதம் தேவை. ஆக, இச்சங்கிலியின் முதற்கண்ணி வெளிநாட்டில் இல்லை. நம் நாட்டு மருத்துவமனையின் அலுவலக மேசையில் உள்ளது. அங்கே ஒரு கடிதம் ஒரு வாரம் தேங்கினால், அறுவைச் சிகிச்சைக்குக் குறித்த நாள் தவறிப்போகும். அந்த ஒரு வாரம் எந்த விசாப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை.

அலுவலர்களின் பொறுப்பு

மாநாடுகளுக்கு வெளிநாட்டு அறிஞர்களை அழைக்கும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். அழைப்பிதழ் மட்டுமன்றி, வெளியுறவு அமைச்சகத்தின் இசைவும், தேவைப்படும் இடங்களில் உள்துறை அமைச்சகத்தின் அனுமதியும் பெற வேண்டியுள்ளன. ஒன்றன்பின் ஒன்றாக நடைபெற வேண்டிய பணிகளையும், ஒரே சமயத்தில் நடத்தத்தக்க பணிகளையும் பிரித்து அட்டவணையிட்டால், எப்பணியின் தாமதம் முழுத் தாமதமாக மாறும் என்பது தெளிவாகும். மாநாட்டு நாளை அறிவித்த பின் அனுமதியைத் தேடுவது முறையான நிர்வாகம் ஆகாது.

நேரம் போதாதவர்களே இடைத்தரகர்களுக்கு இரையாகின்றனர். விரைவு விசா வாங்கித் தருவதாகக் கூறி அதிகப் பணம் கேட்கும் இணையதளங்கள் உண்டு. அவசரக் கட்டணம் என்று எதுவும் வசூலிக்கப்படுவதில்லை என்பதை இந்திய அரசின் அதிகாரபூர்வ இணையதளமே அறிவித்துள்ளது. அழைப்புக் கடிதத்துடன் இக்குறிப்பையும், சரியான இணையதள முகவரியையும், விண்ணப்பிக்க வேண்டிய நாட்களையும் சேர்த்து அனுப்புவது நிறுவனங்களின் கடமையாகும்.

நிர்வாகத் தரப்பிலும் ஒரு முன்னேற்றம் விரும்பத்தக்கது. 'வழக்கமாக இத்தனை மணி நேரம்' என்று கூறுவதைவிட, நூற்றுக்கு 90 விண்ணப்பங்கள் எத்தனை நாட்களில் முடிவு பெற்றன என்பதை மாதந்தோறும் வெளியிடுதல் மிகுந்த பயன் தரும். உறுதியாகத் தெரிந்த பத்து நாட்களைக் கொண்டு ஒருவர் திட்டமிட முடியும். ஐயத்திற்கிடமான மூன்று நாட்களைக் கொண்டு திட்டமிட முடியாது. வேகத்தைப் போலவே முன்னறியத்தக்க தன்மையும் நல்ல நிர்வாகத்தின் அளவுகோல்களுள் ஒன்று என்பதை, பணி செய்வோரும் பணி பெறுவோரும் ஒருங்கே உணர்தல் வேண்டும்.