சருமங் காக்கும் தைலங்களும் அவற்றின் எல்லையும்

உடலுக்கு வேலியாக அமைந்தது தோல். வெயிலையும் மழையையும் முதலில் ஏற்பதும், உள்ளே தோன்றும் நோயைப் புறத்தே காட்டுவதும் அதுவே. ஆதலின் நம் முன்னோர் தோலைப் பேணுதலை அழகின்பாற்படுத்தியதோடு அமையாது, மருத்துவத்தின்பாலும் படுத்தினர். எண்ணெய் முழுக்கும் தைலப் பூச்சும் அவர்தம் ஒழுக்கங்களாயின. அத்தைலங்கள் செய்வன யாவை, செய்யமாட்டாதன யாவை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அம்பாறைக் கரையோரத்திலே, காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே, வயல்கள் சூழ அமைந்த ஊர் மாவடிப்பள்ளி. அதன் கிழக்கே சிறிது தொலைவிற் கடல் கிடக்கின்றது. இப்பகுதியில் உழவரின் கால்களைச் சேறும், மீனவரின் மேனியை உப்புக்காற்றும் ஓயாது வருத்துவன. சேற்றுப்புண், குதிவெடிப்பு, தேமல், படர்தாமரை ஆகியன இத்தொழில்களோடு உடன்வருவன. இவற்றுக்கு மருந்தாகும் தென்னை, வேம்பு, புன்னை, மருதோன்றி என்பனவும் இத்தகைய நிலத்திலேயே செழித்து வளர்வன.

இவற்றுள் முதலிடம் பெறுவது தேங்காயெண்ணெய். அதன் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழச் செம்பாதி லோரிக்கமிலம். தோலின் மேற்படையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளை நிரப்பி, ஈரம் ஆவியாகாது இவ்வெண்ணெய் தடுக்கின்றது. அன்றியும், பிற மூலிகைகளின் சாரத்தை ஏந்துங் கலமாகவும் அது பயன்படுகின்றது. இலைச்சாற்றை எண்ணெயிலிட்டுக் காய்ச்சும்போது நீர் வற்ற, எண்ணெயிற் கரையத்தக்க பொருள்கள் அதிலே தங்கிவிடுகின்றன. அடியிற் படியும் வண்டலைக் கொண்டு மெழுகுபதம், மணற்பதம் எனப் பரிகாரிமார் பதமறிவர். நீர் எஞ்சின் தைலம் விரைவிற் கெடும் என்பதை அவர்கள் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர்.

வேப்பம்விதை எண்ணெய் கிருமிகளையும் பூஞ்சணங்களையும் அடக்குவது. அதன் கசப்புப் பொருள்களை 1942ஆம் ஆண்டில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் இரசாயன அறிஞர் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு நிம்பின் எனப் பெயரிட்டார். புன்னைக் கொட்டையின் நெய் வீக்கத்தைத் தணித்துப் புண்ணாற உதவுவது. பெருநாளிலும் மணநாளிலும் முஸ்லிம் மகளிர் கையிலிடும் மருதோன்றியில் லோசோன் என்னும் நிறப்பொருள் உண்டு. அது தோலின் கெரற்றினோடு பிணைந்து சிவப்பேற்றுவதோடு, பூஞ்சணத்தையும் ஓரளவு தடுக்கின்றது.

எனினும், தாவரத்திற் பிறந்தது யாவும் தீங்கற்றது எனக் கொள்ளுதல் பிழையாகும். புறத்தே பூசத்தகும் வேப்பெண்ணெயைச் சிறு குழந்தைகளுக்கு ஊட்டியதால் ஈரலும் மூளையும் தாக்குண்டு உயிரிழப்பு நேர்ந்ததுண்டு. கருமருதோன்றி என விற்கப்படுவதில் பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்துக்குரிய செயற்கைப் பொருள் கலந்திருக்கும். அது தோலைக் கொப்புளிக்கச் செய்து, நீங்காத ஒவ்வாமையையும் விளைவிக்கவல்லது.

தைலத்தின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே விளக்குவது நீரடிமுத்தின் வரலாறு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் அம்மரத்தின் விதையெண்ணெய், தொழுநோய்க்கு மருந்தாக நெடுங்காலம் வழங்கியது. அவ்வினத்து எண்ணெயை உண்டால் குமட்டும். ஊசிவழி ஏற்றினால் உடலிற் கலவாது தோலின்கீழ்த் திரண்டு வருத்தும். இத்தடையை ஹவாய்த் தீவில் 1915ஆம் ஆண்டளவில் நீக்கியவர் அலிஸ் போல் என்னும் இளம் கறுப்பினப் பெண். எண்ணெயின் கொழுப்பமிலங்களை எத்தில் எசுத்தராக மாற்றி, உடல் ஏற்குமாறு செய்தார். 1916ஆம் ஆண்டின் இறுதியில், இருபத்துநான்கு வயதிலேயே அவர் மறைந்தார். அவர் கண்ட முறையோ உலகின் பல பாகங்களுக்கும் பரவியது.

ஆயினும் அவ்வெண்ணெய் நோயை வேரறுக்கவில்லை. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவு போன்ற இடங்களில் நோயாளர் உற்றாரைப் பிரிந்தே வாழ்ந்தனர். 1940களில் சல்போன் மருந்துகள் வந்தன. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பன்மருந்துச் சிகிச்சையை விதந்துரைத்தது. இன்று ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் இந்நோய் முற்றாகக் குணமாகின்றது. அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்தும் இலவசமே. அவ்வாறிருந்தும் இலங்கையில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகின்றது.

இதன் காரணத்துள் ஒன்று எண்ணெய்ச் சிமிழிலேயே உண்டு. வெளிறிய படையொன்று தோன்றினால், அதனைத் தேமல் எனக் கருதி, மாதக்கணக்காகத் தைலம் பூசி வாளாவிருப்போர் பலர். தேமலில் உணர்ச்சி மாறாது. தொழுநோய்ப் படையிலோ பெரும்பாலும் தொடுவுணர்ச்சி குன்றும். வலியில்லாமையே அங்கு ஆபத்தின் அறிகுறி. காலந்தாழ்த்தின் நரம்பு கெட்டு, விரல்கள் மடங்கும். அவ்வூனத்தை எம்மருந்தும் எளிதில் மீட்காது.

ஆகவே, வெடித்த குதிக்கும் வறண்ட மேனிக்கும் நம் தைலங்கள் என்றும் நல்ல துணையே. உணர்ச்சி குன்றிய படைக்கோ, சிமிழை மூடி வைத்துவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுதலே கடன். அவ்வாறு செல்லுதல் முன்னோர் அறிவைப் புறக்கணித்தலாகாது. பதமறிந்து தைலம் இறக்கிய அப்பெரியோர் நமக்குக் கற்பித்ததும் எல்லையறிதலையே அன்றோ?