போட்டிக் காயும் விதைக் காயும்

காய்கறிப் போட்டி என்றவுடன் ஆளுயரப் புடலங்காயும், இருவர் சேர்ந்து தூக்கும் பூசணியுமே பலர் மனத்தில் தோன்றும். அத்தகைய பெருங்காய்களுக்குப் பெரும்பாலும் தனிப் பிரிவு வைத்துவிடுவர். ஏனைய பிரிவுகளில் நடுவர் தேடுவது வேறு. அது யாது, கொல்லைப்புறக் காயை அதற்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது, அந்த முயற்சியில் எதனை இழந்துவிடலாகாது என்பவற்றை இங்குக் காண்போம்.

இங்கிலாந்தின் சிற்றூர்களில் கோடைதோறும் இத்தகைய போட்டிகள் நடைபெறுகின்றன. அங்கு 1804ஆம் ஆண்டில் தோன்றிய அரச தோட்டக்கலைக் கழகம், ஒவ்வொரு காய்க்கும் எதற்கு எத்தனை புள்ளி என்று வகுத்து நூலாகவே வெளியிட்டுள்ளது. நம் நாட்டிலும் இவ்வழக்கம் புதிதன்று. மலாயாவில் 1920ஆம் ஆண்டுகளில் தொடங்கிய விவசாயக் கண்காட்சியே, ‘மஹா’ என்னும் பெயரில் இன்று செர்டாங்கில் நடைபெற்று வருகிறது.

நடுவர் நோக்குவது யாது?

முதலாவது, எண்ணிக்கை. அட்டவணை ஐந்து வெண்டைக்காய் கேட்டால் ஐந்தே வைத்தல் வேண்டும். ஆறாவது காய் தாராளத்தின் அடையாளமாகாது; அது விதி மீறலாகும். இங்கிலாந்தில் அத்தகைய தட்டின்மேல் ‘அட்டவணைப்படி இல்லை’ என்று எழுதி ஒதுக்கிவிடுவர்.

இரண்டாவது, ஒப்புமை. நான்கு காய்கள் நடுத்தரமாகவும் ஒன்று மிகப் பெரிதாகவும் இருப்பின், அந்தப் பெரிய காயே மற்ற நான்கையும் கெடுத்துவிடும். ஐந்தும் ஒரே நீளம், ஒரே பருமன், ஒரே நிறம் எனில், பயிரிட்டவர் தம் செடியை அறிந்தவர் என்பது விளங்கும்.

மூன்றாவது, பக்குவம். காய் உண்பதற்கு உரிய இளமையில் உள்ளதா என்பதே இதன் பொருள். சந்தையின் கண்ணும் இதையொத்ததே. 1965இல் அமைக்கப்பட்ட ‘பாமா’ எனும் கூட்டரசு வேளாண் சந்தை வாரியம், 2008ஆம் ஆண்டு விதிகளின்படி விளைபொருள்களைத் தரம் பிரிக்கும்போது முதிர்ச்சி, ஒப்புமை, காயமின்மை ஆகியவற்றையே பார்க்கிறது.

காய்தோறும் கவனிக்க வேண்டியவை

வெண்டைக்காய் பூ மலர்ந்த நான்கு முதல் ஆறு நாள்களில் பறிக்கத் தக்கது. நாள் கடந்தால் நார் பிடித்துவிடும். நுனியை ஒடித்துப் பார்க்கும் சந்தைப் பழக்கம் போட்டிக் காய்க்கு உதவாது. ஆகவே அதே வயதுடைய வேறொரு காயை ஒடித்துச் சோதித்துக்கொள்க. விரல் அழுந்திய இடம் கறுத்துவிடுமாதலால் காம்பைப் பிடித்தே கத்தரிக்க வேண்டும்.

கத்தரிக்காயில் பளபளப்பே சான்று. தோல் மங்கினால் உள்ளே விதை முற்றிவிட்டது என்று கொள்க. பெருவிரலால் மெல்ல அழுத்தினால் இளங்காய் மீண்டெழும். காம்பும் அதன் பச்சைக் குல்லாயும் வாடாமல் இருத்தல் வேண்டும்.

பாகற்காய்க்குப் பெரும் பகை பழ ஈ. பிஞ்சு சிறுவிரல் அளவாகும்போதே பழைய செய்தித்தாளைப் பையாகச் சுருட்டி மாட்டிவிட்டால் ஈ முட்டையிட இயலாது. நிறமும் ஒரே சீராக வெளிறி அமையும். பழுத்த வாழைப்பழத்துக்கு அருகில் பாகற்காயை வைத்தலாகாது. பழம் வெளிவிடும் எத்திலீன் என்னும் வாயு அதனை விரைவில் மஞ்சளாக்கிவிடும்.

புடலங்காயின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுதல் நம் பாட்டிமார் அறிந்த முறை. காய் சுருளாமல் நேராக வளரும். பயற்றங்காயில் உள்ளிருக்கும் விதை வெளியே புடைத்துத் தெரியுமுன் பறித்து, ஒரே நீளமாகத் தேர்ந்து கட்டுக. நீற்றுப்பூசணியின் மேலுள்ள வெண்பொடி அழுக்கன்று. காய் தானே பூசிக்கொண்ட மெழுகு. அதனைத் துடைத்துவிட்டால் புள்ளி போய்விடும். எண்ணெய் தடவி மினுக்குவதோ எந்தக் காய்க்கும் ஆகாது.

பறித்த காயும் மூச்சு விடுகின்றது

செடியிலிருந்து பிரிந்த பின்னும் காய் சுவாசிக்கிறது, நீரை இழக்கிறது. வெப்பம் மிகுந்தால் இவ்விரண்டும் விரைவு பெறும். பண்டமாரான் போன்ற கிள்ளான் கடலோர ஊர்களில் நண்பகல் வெயில் 32 பாகை செல்சியசை எட்டுவது வழக்கம். எனவே போட்டி நாளன்று விடியற்காலையில், காய் நீர்ப்பிடிப்போடு இருக்கும்போதே பறித்து, ஈரத்துணி மூடி நிழலில் வைத்தல் நன்று. முதல் நாளே பறித்துக் குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில் வைப்பது தவறு. வெண்டை, கத்தரி, பாகல் ஆகியவை வெப்பநாட்டுப் பயிர்கள். 10 பாகைக்குக் கீழே நெடுநேரம் கிடந்தால் தோலில் குழியும் பழுப்பும் தோன்றும்.

பரிசினும் பெரியது

இத்தனையும் செய்வோர் ஓர் இடத்தில் நின்று எண்ணுதல் வேண்டும். போட்டிக்கு உரியது இளங்காய். விதைக்கு உரியது முற்றிய காய். ஒரே காய் இரண்டுக்கும் உதவாது. தோட்டத்தின் சிறந்த செடியில் உள்ள காய்களையெல்லாம் மேசைக்குக் கொண்டுபோய்விட்டால், பரிசு கிடைக்கும். அடுத்த ஆண்டுக்கு அச்செடியின் வழித்தோன்றல் இராது. கடையில் விதை வாங்கலாமே எனின், அங்கு விற்பவற்றுள் பல முதல் தலைமுறைக் கலப்பின விதைகள். அவற்றின் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போலவே விளையும் என்ற உறுதியில்லை.

நம்மவர்க்கு இது சிறு செய்தியன்று. லயன் வீடுகளின் பின்புறத்தில் வளர்ந்த கத்தரியும் அவரையும் விதையாகச் சாம்பலில் புரண்டு, சுரைக்குடுக்கையில் தங்கி, தாயிடமிருந்து மகளுக்குச் சென்றவை. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டம் மறைந்த பின்னும் அதன் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பள்ளிக்குப் பெயர்ப்பலகை உண்டு. விதைக்கு அதுவும் இல்லை. அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பம் ஓராண்டு விதைக்காமல் விட்டால், மறு ஆண்டு முளைப்புத் திறன் குறையும். சில ஆண்டுகளில் அவ்வகை அற்றுப்போகும்.

ஆகவே மாணவர்க்குக் கூறத்தக்க முறை இது: முதலில் நோயின்றிச் செழித்த செடியைத் தேர்ந்தெடுங்கள். அதன் நல்ல காய் ஒன்றில் சிவப்பு நூலைக் கட்டுங்கள். அது விதைக்காய், போட்டி எத்துணைப் பெரிதாயினும் அதில் கை வைக்கலாகாது. வெண்டையெனில் செடியிலேயே காய்ந்து வெடிக்கும் நிலை வரும்வரை ஏறத்தாழ ஒரு மாதம் விட்டுவையுங்கள். கத்தரியெனில் மஞ்சளாகட்டும்; பாகலெனில் பழுத்துச் சிவந்த விதையுறை தெரியட்டும். எஞ்சிய காய்களிலிருந்தே போட்டிக்கு உரிய ஐந்தைத் தேர்க.

பள்ளியிலோ சமூக மன்றத்திலோ போட்டி நடத்துவோரும் ஒன்று செய்யலாம். காய்த் தட்டின் அருகில், அதே வகையின் விதைப் பொட்டலம் ஒன்றும் வைக்கச் சொல்லி, அதற்கும் சில புள்ளிகள் ஒதுக்கலாம். மாலையில் காய்கள் குழம்புக்குப் போகும். விதைகள் அண்டை வீட்டுத் தொட்டிக்குப் போகும்.