குதிரைக் கிளாண்டர்ஸ் வியாதியும் இரத்தப் பரிசோதனையும்

குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவற்றின் மூக்கையும் நுரையீரலையும் பற்றும் தொத்து வியாதிகளுள் மிகக் கொடியது கிளாண்டர்ஸ் என்பதாகும். மூக்கினுள் புண் உண்டாகிச் சீழ் வடியும். தாடையின் கீழ் கழலை கட்டும். குதிரையைப் பேணும் மனிதனையும் இது பற்றிக் கொல்ல வல்லது. இவ்வடையாளங்களைக் கண்டால் எவரும் விலகி நிற்பர். நோய் உள்ளடங்கியிருக்க, தோற்றத்தில் யாதொரு குறையுமின்றி மாதக்கணக்காக வண்டியிழுக்கும் குதிரையே பெரிதும் அஞ்சத்தக்கது. அது வாய் வைத்த தொட்டியில் நீர் பருகும் மற்றக் குதிரைகளுக்கும் வியாதி பரவுகிறது.

இதன் கிருமியை ஜெர்மனியில் லோப்ளர், ஷூட்ஸ் என்னும் இருவர் 1882-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். கிருமியை வளர்த்துப் பார்ப்பதே நேரான சோதனையெனினும், அவ்வேலையில் ஈடுபட்டோர் தாமே நோய்கண்டு மாண்டதுண்டு. ஆகவே கிருமியைத் தேடாமல், அதனை எதிர்த்து உடலில் உண்டாகும் பொருளை இரத்தத்தில் தேடும் முறை வழக்கத்திற்கு வந்தது.

அம்முறையாவது: குதிரையின் இரத்தத்தினின்று சீரம் என்னும் தெளிநீரைப் பிரித்து, அதனுடன் கிருமியின் சத்தையும், கினிப்பன்றியின் சீரத்திலுள்ள காம்ப்ளிமெண்ட் என்னும் பொருளையும் சேர்ப்பர். குறித்த காலம் சென்றபின், எளிதிற் கரையுமாறு பக்குவப்படுத்திய செம்மறியாட்டுச் சிவப்பணுக்களை அதில் இடுவர். குதிரைக்கு நோயில்லையெனில் காம்ப்ளிமெண்ட் செலவாகாமல் எஞ்சி நின்று அணுக்களைக் கரைத்துவிடும்; நீர் முழுதும் சிவக்கும். நோயுள்ளதாயின் அது முன்னமே செலவாகிவிட்டமையால், அணுக்கள் கரையாமல் அடியில் பொத்தான்போற் படியும். கழுதை, கோவேறு கழுதை இவற்றின் சீரமோ நோயில்லாதபோதும் காம்ப்ளிமெண்டை விழுங்கிவிடுவதுண்டு. இச்சோதனை அவற்றிற்கு ஏற்றதன்று. ஹிஸாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கியுள்ள எலைஸா சோதனைக்கு இக்குறையில்லை.

மாலீன் என்னும் மருந்தைக் கீழிமையில் ஊசியால் ஏற்றி, 48 மணி நேரத்தில் வீக்கமும் சீழும் காண்கின்றனவாவெனப் பார்க்கும் பழைய முறையும் உண்டு. மாலீன் ஏற்றியபின் நோயற்ற குதிரையின் இரத்தமுங்கூடச் சில காலம் நோயுள்ளதுபோற் காட்டக்கூடும். ஆதலால் இரத்தத்தை முதலில் எடுத்துவிட வேண்டும்.

நோய் உறுதிப்பட்ட குதிரையைக் கொன்றுவிடுதலே சட்டம். 1899-ஆம் வருஷத்துச் சட்டத்திற்குப் பதிலாக 2009-இல் வேறு சட்டம் வந்தும் இவ்விதி மாறவில்லை. தடுப்பு மருந்தும் இல்லை. 2006-ஆம் ஆண்டில் மஹாராஷ்டிரத்தில் மறுபடியும் தலைகாட்டிய இவ்வியாதி, பின்னர் வட ராஜ்யங்கள் பலவற்றிற் பரவியது. அங்கே செங்கற்சூளையில் பாரம் இழுக்கும் குதிரையொன்றே ஒரு குடும்பத்தின் சோறு. பரிசோதனைக்கு ஆள் வருவதறிந்து இரவோடிரவாக அதனை அடுத்த ஜில்லாவுக்கு ஓட்டிச் செல்பவனைக் குற்றங்கூறுதல் எளிது. சர்க்கார் அளிக்கும் ஈட்டுத்தொகை தாமதமின்றி அவன் கையிற் சேருமாயின், ஓடுவோர் தொகை தானே குறையும்.

ஒரு குதிரை நோயுற்றதெனத் தெரிந்தால், அதே லாயத்தில் நின்ற மற்றவற்றின் இரத்தத்தை ஒருமுறை சோதித்தல் போதாது. தொத்தியவுடனே எதிர்ப்பொருள் இரத்தத்திற் காணாதாகையால், சில வாரங்கள் கழித்து மீண்டும் எடுத்தல் அவசியம். அதுகாறும் தொட்டியும், சேணமும், தீவனப்பையும் ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே இருத்தல் வேண்டும்.