பேர் வெட்டிய பிறகு பொழுது எப்படிப் போகும்?

காலையில் சங்கு ஊதுகிறது. ஊதியதும் கால் தானாகப் பாயை விட்டு எழும்புகிறது. பிறகுதான் ஞாபகம் வருகிறது, பேர் வெட்டி இரண்டு மாதமாகிவிட்டது, இனிப் பிரட்டுக்குப் போக வேண்டியதில்லை என்று. "என்னா செய்யிறதுன்னே வெளங்கல. இஸ்தோப்புல குந்திக்கிட்டு ரோட்டயே பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று ஒரு பெரியவர் எங்களிடம் சொன்னார். நாற்பது வருஷம் மலையில் நின்றவர். கவ்வாத்து வெட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அந்தத் தோட்டத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

வேலையை விடும்போது பணத்தைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறோம். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் வேலையை விட்டு நின்றால் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்குச் சேவைக்காலப் பணமும் உண்டு. இதெல்லாம் தெரிந்த விஷயம். பொழுதைப் பற்றித்தான் யாரும் விசாரிப்பதில்லை. கையில் காசு, பகல் முழுக்க வேலையில்லை, பக்கத்தில் சாராயக்கடை. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு லயத்திலும் பார்த்திருக்கிறோம்.

அம்மாமாரின் கதை வேறு. கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து எடுத்த மறுநாளே பேரப்பிள்ளை இடுப்பில் ஏறிவிடுகிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போக, தண்ணி எடுப்பது, மிலாறு பொறுக்குவது, சமைப்பது எல்லாம் அப்பாயி தலையில். "ஆச்சி வீட்டுல சும்மாதானே இருக்கு" என்று சொல்லிக்கொள்வார்கள். எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. பிள்ளைமடுவம் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் சிறுவர் அபிவிருத்தி நிலையம் பக்கத்தில் இருந்தால், பிள்ளையைப் பகலிலாவது அங்கே விடலாம். பின்னேரம் இரண்டு மணித்தியாலம் அந்த அம்மாவுக்கே சொந்தமாக இருக்கட்டும். அந்த நேரத்தில் அவர் தூங்கினாலும் சரி, பக்கத்துக் காம்பராவில் போய்க் கதைத்துக்கொண்டிருந்தாலும் சரி.

ஆண்களில் பலர் தோட்டம் போடுகிறார்கள். நுவரெலியாப் பக்கம் என்றால் லீக்ஸ், கரட், கோவா. சூடான கீழ்ப்பக்கம் என்றால் மரவள்ளி, வத்தாளை, மிளகாய். இடம் இல்லாதவர்கள் பழைய உரச்சாக்கில் மண்ணும் மாட்டெருவும் நிரப்பி வைத்தால் குனிய வேண்டிய கஷ்டமும் குறையும். இது பொழுதுபோக்கா, இன்னொரு வேலையா என்று கேட்பீர்கள். இங்கே பிரட்டு இல்லை, கணக்கப்பிள்ளை இல்லை, கிலோக் கணக்கு இல்லை. மழை வந்தால் உள்ளே போய் உட்காரலாம்.

உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களையும் மறந்துவிட்டோம். ஆடு புலி ஆட்டத்துக்குப் பலகைகூட வேண்டாம். இஸ்தோப்புச் சீமெந்தில் அடுப்புக்கரியால் கோடு போட்டால் போதும். ஒருவருக்கு மூன்று புலி, மற்றவருக்குப் பதினைந்து ஆடு. பக்கத்தில் நிற்கும் ஆட்டைத் தாண்டி அந்தப்பக்கம் வெறும் புள்ளி இருந்தால் புலி பாய்ந்து வெட்டும். ஆடுகள் புலியை அசையவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. நிதானமாக யோசிக்கிறவருக்கு ஏற்ற ஆட்டம். சின்னப் பையன்கள் அவசரப்பட்டுத் தாத்தாவிடம் தோற்பார்கள். பல்லாங்குழிக்குப் பதினான்கு குழி, கொஞ்சம் புளியங்கொட்டை. முழங்கால் வலிக்காரர் பலகையை மேசையில் வைத்து ஆடலாம்.

எங்கள் மனதில் அதிகம் கிடப்பது வேறொன்று. மாசி மாதம் காமன் கூத்து வருகிறது. அமாவாசைக்குப் பின் காமன் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டித் தகனம் வரைக்கும் ராத்திரி ராத்திரியாகத் தப்புச் சத்தம். ரதி, மன்மதன், எமன், வீரபத்திரன் எல்லோரும் வருகிறார்கள். ஆனால் பாட்டு முழுதாகத் தெரிந்தவர் ஒரு தோட்டத்துக்கு ஒருவரோ இருவரோதான். அவருக்கும் வயதாகிவிட்டது. பொன்னர் சங்கருக்கும் அருச்சுனன் தபசுக்கும் இதே நிலைமைதான். தப்பை நெருப்பில் எவ்வளவு காய்ச்ச வேண்டும், காமன் அடிக்கும் சாவு அடிக்கும் எங்கே வித்தியாசம், இதையெல்லாம் பார்த்துப் பழகியவர்தான் சொல்லிக்கொடுக்க முடியும். பேர் வெட்டிய கூத்து வாத்தியாருக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு எங்களுக்குத் தெரியவில்லை. கிழமையில் ஒருநாள் பின்னேரம், நாலு பொடியன்கள் வந்தால் போதும். மாசி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அம்மாமாரிடம் தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் இருக்கின்றன. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை நம் தோட்டப் பாடல்களைத் தேடிச் சேர்த்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமாக்கினார். அவர் 1984 இல் காலமானார். அதற்குப் பிறகும் புத்தகத்தில் ஏறாத பாட்டுகள் லயத்துக்கு லயம் கிடக்கின்றன. 2023 இல் மலையகம் 200 என்று சொல்லி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களைப் பெருமையோடு பார்த்தோம். அந்த வழியில் முதலில் நடந்து வந்தவர்களைப் பற்றித் தன் வீட்டு ஆச்சி என்ன சொன்னார் என்று கேட்டு வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. அம்மாயி பாடட்டும், பேத்தி எழுதட்டும். கைத்தொலைபேசி இருந்தால் பதிவு செய்துவிட்டுப் பிறகு ஆறுதலாக எழுதலாம். கொப்பியில் பாட்டுக்கு மேலே பாடியவர் பெயர், வயது, எந்த டிவிசன், யாரிடம் பழகியது, எந்தச் சமயத்தில் பாடுவது என்று குறியுங்கள். விளங்காத சொல் வந்தால் பள்ளிக்கூடத் தமிழுக்கு மாற்றாமல், பாடியபடியே எழுதுங்கள். அந்தச் சொல்லில்தான் அவர்கள் வந்த ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் தாலாட்டைக் கேளுங்கள், கூச்சமில்லாமல் வரும். ஒப்பாரியை வீட்டுக்குள்ளே வைத்துப் பாடச் சொல்ல வேண்டாம். பல அம்மாமார் அபசகுனம் என்று வாயை மூடிக்கொள்வார்கள். வெளியே மலைப்பக்கம் ஒரு கல்லில் உட்காரவைத்து, "ஒங்க அம்மா செத்தப்ப என்னா பாடுனீங்க, அம்மாயி?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு பாடுவார்கள்.