குறைந்த செலவில் எஃப்.எம். டியூனர்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

இணையமோ மாதக் கட்டணமோ இன்றிக் கேட்கக்கூடிய எஃப்.எம். வானொலியை வீட்டு ஸ்டீரியோவில் நல்ல ஒலித்தரத்துடன் கேட்க விரும்புவோர் இன்றும் உள்ளனர். 1977-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய எஃப்.எம். ஒலிபரப்பு, 2001-இல் தனியார் நிலையங்கள் வந்த பிறகு நாடெங்கும் விரிவடைந்தது. ஆனால், எஃப்.எம். டியூனரைத் தனிக் கருவியாகத் தயாரிக்கும் நிறுவனங்கள் இப்போது மிகச் சிலவே. எனவே, குறைந்த செலவில் வாங்க நினைப்போர் பெரும்பாலும் பழைய கருவிகளையே நாட வேண்டியுள்ளது. அவற்றில் வெளிநாட்டுச் சந்தைக்காகத் தயாரிக்கப்பட்டவையும் கலந்திருப்பதால், விலையைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, அக்கருவி எந்த நாட்டுக்கு உரியது என்பதே.

எந்த நாட்டுக் கருவி?

இந்தியாவில் எஃப்.எம். நிலையங்கள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகின்றன. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கான பழைய டியூனர்கள் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே ஏற்கும். தோற்றத்திலும் தரத்திலும் சிறந்தவையாக இருந்தாலும், இங்குள்ள பெரும்பாலான நிலையங்களை அவற்றில் கேட்க இயலாது. மேலும், அவை 100 வோல்ட் மின்சாரத்துக்கு உரியவை.

அமெரிக்க டியூனர்களில் அலைவரிசை வரம்பு பொருந்தினாலும் வேறு சிக்கல்கள் உண்டு. அவற்றுக்கு 120 வோல்ட் போதும் என்பதால், 230 வோல்ட் இணைப்பில் நேரடியாகப் பொருத்தினால் பழுதாகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. எண்களில் அலைவரிசை காட்டும் மாதிரிகள் பலவற்றில் 102.5, 102.7 என ஒற்றைப்படைத் தசமங்கள் மட்டுமே வரும். தில்லியின் எஃப்.எம். ரெயின்போ 102.6-இலும், சென்னையின் ரெயின்போ 101.4-இலும் ஒலிப்பதால், அவற்றைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது. முள் நகரும் பழைய வகை டியூனர்களில் இச்சிக்கல் இல்லை.

ஒலியின் தன்மையிலும் சிறு வேறுபாடு உண்டு. இரைச்சலைக் குறைப்பதற்காக ஒலிபரப்பில் மெல்லிய உயர் ஒலிகள் மிகைப்படுத்தப்பட்டு, டியூனரில் மீண்டும் குறைக்கப்படுகின்றன. இதற்கான அளவு இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 50 மைக்ரோ விநாடி, அமெரிக்காவில் 75 மைக்ரோ விநாடி. இதனால் அமெரிக்கக் கருவியில் இங்குள்ள ஒலிபரப்பு சற்று மங்கலாகக் கேட்கும். ஐரோப்பியச் சந்தைக்கான டியூனர்களே இந்தியாவுக்கு மிகவும் பொருத்தமானவை.

ஆன்டெனாவே பாதி பலம்

விலை உயர்ந்த டியூனரும் மோசமான ஆன்டெனாவுடன் இரையும். எளிய டியூனரும் நல்ல ஆன்டெனாவுடன் தெளிவாக ஒலிக்கும். 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர் என்பதால், இருபுறமும் சுமார் 75 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பிகளைக் கொண்ட 'டைபோல்' ஆன்டெனாவே பல வீடுகளுக்குப் போதும். அதை ஜன்னலோரத்தில் அல்லது மாடியில் வைத்து, திசையை மாற்றிப் பார்ப்பது நல்லது. பழைய டியூனர்களில் 300 ஓம் இணைப்பு மட்டுமே இருந்தால், 75 ஓம் தொலைக்காட்சி கேபிளைப் பொருத்த 'பலூன்' எனப்படும் சிறிய மாற்றி தேவைப்படும்.

ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு மோனோவைவிட வலுவான சிக்னல் வேண்டும். எனவே, ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து தொலைவில் வசிப்போர் மோனோ பொத்தான் உள்ள கருவியைத் தேர்ந்தெடுக்கலாம். அதை அழுத்தினால் பின்னணி இரைச்சல் பெருமளவு குறையும்.

வாங்கும் முன்...

வீட்டிலுள்ள ஆம்ப்ளிஃபையர், 'ரிசீவர்' வகையைச் சேர்ந்ததாயின் அதிலேயே டியூனர் இருக்கக்கூடும். அப்போது ஆன்டெனாவுக்கு மட்டும் செலவிட்டால் போதும். தனி டியூனரை ஆம்ப்ளிஃபையரின் 'டியூனர்' அல்லது 'ஆக்ஸ்' உள்ளீட்டில் இணைக்க வேண்டும். இசைத்தட்டுக்கான 'ஃபோனோ' உள்ளீட்டில் இணைத்தால் ஒலி சிதையும்.

பழைய கருவியாயின், விற்பவரிடமே அதை இயக்கிக் காட்டச் சொல்வது அவசியம். உள்ளூரின் வலுவான நிலையம் ஒன்றையும், தொலைவிலுள்ள மெலிந்த நிலையம் ஒன்றையும் அரை மணி நேரமாவது கேட்டுப் பார்க்கலாம். சூடேறிய பின் நிலையம் நழுவினாலோ, இரு ஸ்பீக்கர்களில் ஒன்று மௌனமானாலோ, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதைத் தவிர்ப்பதே நல்லது.