ஏட்டில் எழுதக் கூடாத இரகசியம்

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் பெருஞ்சாலையில் அருப்புக்கோட்டையை அடைந்து, அங்கிருந்து கிழக்கே திருச்சுழிப் பக்கம் திரும்புகிறவர் கண்ணில் முதலில் படுவன கரிசல் மண்ணும் சீமைக் கருவேலமும்தான். மழை பொய்த்தால் பருத்தி பொய்க்கும், பருத்தி பொய்த்தாலும் தறியாவது கஞ்சி வார்க்கும் என்ற நம்பிக்கையில் தலைமுறை தலைமுறையாகக் காலந்தள்ளிய இந்த வானம் பார்த்த பூமிக்குத் தெற்கே, கமுதியில், 2016ஆம் ஆண்டு 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தபோது, வெயிலைச் சாபமென்றே எண்ணியிருந்த ஜனங்களுக்கு வெயிலும் ஒரு வெள்ளாமைதான் என்பது விளங்கிற்று. அதைவிட ஓசையின்றி இந்தச் சீமையில் விளைந்திருக்கும் இன்னொரு வெள்ளாமையைப் பற்றி எழுதுவார் இல்லை. பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் படித்து, சென்னையிலும் பெங்களூரிலும் உத்தியோகத்தில் அமர்ந்து, கொரோனா காலத்தில் ஊர் திரும்பி, தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு, கண்காணாத தேசங்களில் இருக்கும் சர்வர்களைப் பரிபாலனம் செய்யும் பிள்ளைகளையே சொல்கிறேன்.

அவர்கள் செய்யும் காரியம் என்னவென்று பெற்றோருக்கே பல சமயம் தெரிவதில்லை. முன்னெல்லாம் ஒரு ஸ்தாபனத்துக்குப் பத்து சர்வர்கள் வேண்டுமென்றால் ஆள் வரவேண்டும், பெட்டி பிரிக்கவேண்டும், கம்பி இழுக்கவேண்டும். இப்போதோ, எந்த நாட்டில் எத்தனை சர்வர், எந்த டேட்டாபேஸ், எந்த வாசல் யாருக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிவிட்டால் போதும். ஹாஷிகார்ப் என்ற கம்பெனி 2014இல் வெளியிட்ட டெராஃபார்ம் முதலிய மென்பொருள்கள் அந்தக் கோப்பை வாசித்து, அமேசானோ கூகுளோ மைக்ரோசாஃப்டோ வாடகைக்குத் தரும் கிளவுடில் அத்தனையையும் சில நிமிஷங்களில் எழுப்பி நிறுத்திவிடுகின்றன. நேற்று ஒருவர் கட்டியதை இன்று இன்னொருவர் வாசித்துச் சரிபார்க்கலாம். இடிந்து போனால் அதே கோப்பைக்கொண்டு மறுபடி எழுப்பலாம். ஒரு ஊழியர் வேலையை விட்டுப் போனாலும் அவர் தலைக்குள் இருந்த விஷயம் கூடவே போய்விடாது. இந்த முறையின் மகிமையெல்லாம், எல்லாவற்றையும் பலரும் வாசிக்கத்தக்கதாக எழுதி வைப்பதில் அடங்கியிருக்கிறது.

அபாயமும் அங்கேதான் இருக்கிறது. டேட்டாபேஸை எழுப்புவதென்றால் அதற்கொரு பாஸ்வேர்டு கொடுத்தாக வேண்டும். பணப் பரிமாற்ற நிறுவனத்தோடு பேசுவதென்றால் அவர்கள் கொடுத்த கீ என்னும் இரகசியச் சாவி வேண்டும். அவற்றை எங்கே வைப்பது? கைக்குச் சமீபமாக இருப்பது அதே கோப்புதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்தால் போதும் என்ற அவசரத்தில், "இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும், திங்கட்கிழமை எடுத்துவிடலாம்" என்று எழுதப்படும் ஒரு வரியில் கெட்ட எண்ணம் கடுகளவும் கிடையாது. ஆனால் அந்தக் கோப்பு கிட் என்னும் பதிவேட்டுக்குள் போய்விடுகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் படைத்த அந்தப் பதிவேட்டின் சுபாவம், ஒருமுறை வாங்கியதை மறவாதிருப்பது. திங்கட்கிழமை அந்த வரியை நீக்கினாலும், வெள்ளிக்கிழமைப் பிரதி அழியாமல் உள்ளேயே கிடக்கும். பதிவேட்டை நகலெடுக்கும் ஒவ்வொருவர் கணினிக்கும் அந்தப் பழைய இரகசியமும் சேர்ந்தே பயணம் போகும்.

இதைச் சொன்னால், "நாங்கள் கோப்பில் பாஸ்வேர்டு எழுதுவதில்லை" என்று நெஞ்சு நிமிர்த்துவோர் பலர் உண்டு. அவர்கள் அறிய வேண்டிய ஒன்றை எனக்குக் கண்ணால் காட்டியவள், அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெரு ஒன்றில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் என் நண்பரின் மகள். கூடத்தில் தந்தையார் பாவு நூலைச் சரிபார்த்துக்கொண்டிருக்க, அவள் பழகுவதற்கென்று தானே கட்டி வைத்திருந்த சிறு ஏற்பாடு ஒன்றைத் திரையில் திறந்தாள். கோப்பில் பாஸ்வேர்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மாறியின் பெயர் மட்டும் இருந்தது. ஆணையிட்டபோது திரையிலும் அது மறைக்கப்பட்டதாகவே வந்தது.

"கோடுலயும் இல்ல, ஸ்கிரீன்லயும் இல்ல, பாத்துக்கிட்டீங்களா மாமா? இப்ப இதப் பாருங்க" என்று சொல்லி, டெராஃபார்ம் தன் உபயோகத்துக்காகத் தானே எழுதி வைத்துக்கொள்ளும் ஸ்டேட் ஃபைல் என்ற இன்னொரு கோப்பைத் திறந்து காட்டினாள். எதை எழுப்பினோம், அதன் குணங்கள் யாவை என்று அந்த மென்பொருள் வைத்துக்கொள்ளும் நினைவுக் குறிப்பு அது. பல நூறு வரிகளுக்கு நடுவே, பாஸ்வேர்டு என்ற சொல்லுக்கு எதிரே, இரட்டை மேற்கோளுக்குள், அந்த இரகசியம் எழுத்துக்கு எழுத்து தெளிவாக உட்கார்ந்திருந்தது.

"மறைக்கச் சொன்னோம்ல?" என்றேன்.

"ஸ்கிரீன்ல காட்டாதன்னுதான் சொன்னோம் மாமா. எழுதி வைக்காதன்னு சொல்லலையே!"

2020 டிசம்பரில் வந்த 0.14ஆம் பதிப்பிலிருந்து, ஒரு மாறியை இரகசியமானது என்று குறித்து வைக்கும் வசதி டெராஃபார்மில் உண்டு. அந்தக் குறிப்பு திரைக்கு மட்டுமே திரை போடுகிறது. ஸ்டேட் ஃபைலை அது தொடுவதில்லை. 2024 நவம்பரில் வந்த 1.10ஆம் பதிப்பில், வந்த காரியம் முடிந்ததும் எங்கும் பதியாமல் மறைந்துபோகும் மதிப்புகளுக்கும், அடுத்து வந்த 1.11இல், எழுத மட்டுமே முடிந்து ஸ்டேட் ஃபைலில் தங்காத மதிப்புகளுக்கும் வழி பிறந்தது. டெராஃபார்மிலிருந்து கிளைத்த ஓப்பன்டோஃபு 2024 ஏப்ரலில் தன் 1.7ஆம் பதிப்பில் ஸ்டேட் ஃபைல் முழுவதையுமே சங்கேத எழுத்தாக்கி வைக்கும் உபாயத்தைச் சேர்த்தது. டெராஃபார்மின் முதற்பதிப்புக்கும் இந்தப் பரிகாரங்களுக்கும் இடையே சென்றவை பத்து ஆண்டுகள். அவ்வளவு காலம் அந்தக் கோப்பைப் பூட்டிய அறையில் வைக்கும் பொறுப்பை உபயோகிப்பவர் தலையிலேயே போட்டு வந்தது, என் அபிப்பிராயத்தில், நியாயமாகாது.

இவையெல்லாம் வெறும் பயமுறுத்தல் அல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2021ஆம் ஆண்டு சகுரா சாமுராய் என்ற ஆராய்ச்சிக் குழுவினர் இந்திய அரசுத் துறைகளின் இணையதளங்களைப் பரிசோதித்தபோது, வாசகர் எவரும் காணக் கூடாத கிட் அடைவுகளும், பாஸ்வேர்டுகளைத் தாங்கிய அமைப்புக் கோப்புகளும் பொதுவெளியில் கிடந்ததைக் கண்டார்கள். பெயரும் பாஸ்வேர்டும் ஜோடியாக வெளிப்பட்ட இடங்கள் 35. சர்வர்களின் தனிச் சாவிகள் 5. ஜனங்களின் சொந்த விவரங்கள் அடங்கிய பதிவுகள் 13,000க்கு மேல். போதாததற்குப் போலீஸ் அறிக்கைகள். பூட்டை உடைத்து எடுத்தவையல்ல இவை. திறந்து பார்த்தால் தெரியும்படி இருந்தவை. நல்லவேளையாக, கண்டவர்கள் தேசிய முக்கியத் தகவல் கட்டமைப்புப் பாதுகாப்பு மையத்துக்குத் தகவல் தந்தார்கள்.

கண்டவர் கள்வராயிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊபர் கம்பெனியின் சரித்திரம் உதாரணம். 2014இல் அதன் பொறியாளர் ஒருவர் கிட் பதிவேடுகளை வைக்கும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் காணும்படி விட்டுவைத்த அமேசான் கீயால் ஓட்டுநர்களின் விவரங்கள் பறிபோயின. பட்ட பிறகும் தெளியாமல், 2016இல் அதே விதமாக, இம்முறை கம்பெனியின் தனிப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்த கீயைக்கொண்டு, 5 கோடியே 70 லட்சம் பேர் விவரங்களை இருவர் அள்ளிச் சென்றனர். கம்பெனி அவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து வாயடைத்து, ஓராண்டு மூடி மறைத்து, பின்னர் அமெரிக்க மாநிலங்களுக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் அழுதது. பாதுகாப்புத் தலைவராயிருந்தவர் 2022இல் குற்றவாளியென்று தீர்ப்பாயிற்று. டொயோட்டாவின் கதை வேறு மாதிரி: 2017 டிசம்பரில் ஒப்பந்தக் கம்பெனி ஒன்று பகிரங்கமாகப் பதித்துவிட்ட கோடில் ஒரு கீ இருந்ததை 2022 செப்டம்பர் வரை யாரும் கவனிக்கவில்லை, அதற்குள் 2,96,019 வாடிக்கையாளர்களின் விவரங்கள் எட்டும் தூரத்தில் இருந்தன. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள்! இன்றைக்கு அவ்வளவு அவகாசம் யாரும் தருவதில்லை. கிட்ஹப்பில் தவறி விழும் அமேசான் கீயை, தானே சுற்றித் திரியும் மென்பொருள்கள் ஐந்து நிமிஷத்துக்குள் பொறுக்கிக்கொள்வதை 2023இல் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சியாளர்கள் கண்டு எழுதினர். கிட்கார்டியன் நிறுவனத்தின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டில் மட்டும் கிட்ஹப்பின் பொதுப் பதிவேடுகளில் புதிதாக வெளிப்பட்ட இரகசியங்கள் 2 கோடியே 38 லட்சம்.

இதைத் தடுப்பதற்குரிய சித்தாந்தம் புதிதன்று. அகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ் என்ற மொழியாசிரியர் 1883இல் பிரெஞ்சு ராணுவச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், ஒரு சங்கேத யந்திரம் அப்படியே சத்துரு கையில் சிக்கினாலும் கேடு விளையக் கூடாது, சாவி ஒன்றே இரகசியமாயிருக்க வேண்டும் என்று விதித்தார். நம் காரியத்துக்கும் அதுவே பிரமாணம். கோப்பு பகிரங்கமானாலும் பாதகமில்லை என்னும்படி இருக்கவேண்டும். சாவி கோப்பில் எழுதப்படலாகாது. சாவி எங்கே கிடைக்கும் என்ற குறிப்பு மட்டுமே அங்கே இருக்கலாம். மொஸில்லாவில் பிறந்த சாப்ஸ் என்ற கருவி ஒரு சமரசம் செய்கிறது. கோப்பிலுள்ள பெயர்களை வாசிக்கும்படி விட்டுவிட்டு, அவற்றுக்கு எதிரேயுள்ள மதிப்புகளை மாத்திரம் சங்கேதமாக்குகிறது. சிறிய குழுவுக்கு இது போதும். பெரிய ஸ்தாபனத்துக்கு, ஹாஷிகார்ப்பே 2015இல் வெளியிட்ட வால்ட் போன்ற தனிப் பெட்டகம் வேண்டும். அதன் விசேஷம், கேட்ட மாத்திரத்தில் புதிய பாஸ்வேர்டு ஒன்றை உண்டாக்கிக் கொடுத்து, குறித்த நேரம் கழிந்ததும் தானே அதைச் செல்லாததாக்கிவிடுவது. ஒரு மணி நேரம் உயிர் வாழும் பாஸ்வேர்டு, ஐந்து ஆண்டு கழித்து எவன் கையில் சிக்கினால்தான் என்ன?

அப்படியானால் அந்தப் பெட்டகத்தின் சாவி யாரிடம் என்ற கேள்வி எழும். திருச்சுழியில் திருமேனிநாதர் சந்நிதிக்குப் போய்வந்தவர்களுக்கு இதன் விடையை விளக்குவது சுலபம். நம் கோயில் உண்டியல்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுகள் இட்டு, ஒரு சாவி நிர்வாக அதிகாரியிடமும் இன்னொன்று வேறொரு பொறுப்பாளரிடமும் இருக்க, அனைவரும் கூடி நின்றாலன்றித் திறக்க முடியாதபடி வைப்பது பொது வழக்கம். அதில் ஒரு சங்கடம் உண்டு: சாவிக்காரர் ஒருவர் ஊரில் இல்லையென்றால் காரியம் நின்றுவிடும். இந்தச் சங்கடத்தை 1979இல் ஆதி ஷமீர் என்ற கணித மேதை தீர்த்தார். இரண்டு புள்ளிகள் தெரிந்தால் ஒரு நேர்கோட்டை நிர்ணயித்துவிடலாம்; ஒரே புள்ளி தெரிந்தவனுக்கோ அதன் வழியாகப் போகும் கோடுகள் கணக்கற்றவை. பரவளைவை நிர்ணயிக்க மூன்று புள்ளிகள் வேண்டும். இரகசியத்தை அந்த வளைவு அச்சைத் தொடும் இடத்தில் வைத்து, வளைவின் மேலுள்ள ஐந்து புள்ளிகளை ஐந்து பேருக்குப் பங்கிட்டால், எந்த மூவர் கூடினாலும் இரகசியம் வெளிப்படும். இருவர் கூடிச் சதி செய்தாலும் எள்ளளவும் தெரியாது. வால்ட் வழக்கமாக இப்படியே ஐந்து பங்கு போட்டு மூன்றைக் கேட்கிறது. ஆனால் அந்த ஐந்தையும் ஒரே மேலாளர் ஒரே கோப்பில் பத்திரப்படுத்தி வைப்பாரானால், ஷமீர் என்ன, பிரம்மாவே வந்தாலும் காப்பாற்ற முடியாது.

இத்தனைக்குப் பிறகும் ஏதேனும் நழுவுமானால், செய்யவேண்டியதில் வரிசை முக்கியம். முதலில் சாவியை மாற்ற வேண்டும். பதிவேட்டின் பழைய பிரதிகளைச் சுத்தம் செய்வது பிற்பாடு. அதை முதலில் செய்து, யாரும் பார்க்கவில்லை என்று திருப்தி அடைகிறவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார். மறைத்து வைக்கச் சட்டமும் இடம் தரவில்லை. இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழுவின் 2022 ஏப்ரல் ஆணைப்படி, ஊடுருவல் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அறிவித்தாக வேண்டும்.

நூல் வியாபாரமானாலும், பருப்பு மண்டியானாலும், பள்ளிக்கூடமானாலும் இன்று கணக்கு வழக்கெல்லாம் யாரோ கட்டித்தந்த மென்பொருளில், எங்கோ வாடகைக்கு எடுத்த சர்வரில் இருக்கிறது. கட்டித்தந்தவர்களிடம் முதலாளிமார் விலையைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். இனிமேல் இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்: நம் பாஸ்வேர்டு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அதை யார் யார் வாசிக்க முடியும்? கடைசியாக அது மாற்றப்பட்ட தேதி என்ன? பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் அடுத்த தவணைப் பணத்தைக் கொடுக்கச் சற்றே தாமதியுங்கள்.